கொசுறு

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கு வெளியே சாயங்கால நேரத்தில் காய் விற்கும் ஓர் அக்காவிடம் பல வருடங்களாக வாங்குகிறேன். அவரிடம் தராசு உண்டு. தக்காளிக்கு மட்டும் அதைத் தொடமாட்டார். சாக்கை விரித்துக் கூறு கட்டி வைத்திருப்பார். கூறு இருபது ரூபாய். வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் ஒரு கூறில் பத்துப் பன்னிரண்டு பழம் குவிந்து, மேல் பழம் நிற்காமல் உருண்டு ஓடும். வரத்து குறைந்தால் அதே இருபது ரூபாய்க்குப் பழம் மூன்று. மூன்றைக் குவிக்க முடியாது என்பதால் அடுப்புக் கல் மாதிரி வைத்திருப்பார். விலை ஏறிவிட்டதா என்று கேட்டால் "கூறு இருபதுதான் சார்" என்பார். பொய்யில்லை. விலை அப்படியே இருக்கிறது, கூறு இளைத்திருக்கிறது.

பக்கத்தில் பூ விற்கும் அம்மாவும் அப்படித்தான். முழம் என்றால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. முகூர்த்த நாளில் அவர் முழங்கை எப்படியோ மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெயரிலேயே பூ இருக்கும் பூவிருந்தவல்லி, அதாவது பூந்தமல்லி, பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "பேர்ல இருந்தா போதுமா, கூடைல இருக்க வேணாமா?" என்றார்.

நான் விலைவாசியை அளப்பது கொசுறை வைத்து. பை நிறையக் காய் வாங்கி முடித்ததும், கேட்காமலே அக்கா மேலே செருகும் கொத்தமல்லி, கறிவேப்பிலை. கட்டு விலை கொஞ்சம் ஏறினால் கொத்தமல்லி நின்றுபோய்க் கறிவேப்பிலை மட்டும் வரும். இன்னும் ஏறினால், "கறிவேப்பிலை அஞ்சு ரூபா சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அரசாங்கத்தின் விலைக் குறியீட்டெண்ணில் இது ஏறாது. சும்மா கொடுத்த பொருள் விலை ஏறிவிட்டது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? சைபரிலிருந்து ஐந்துக்கு எத்தனை சதவீதம் என்று கணக்கும் போட முடியாது. ஆனால் அந்த அஞ்சு ரூபாயைச் சொல்லும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால், கோயம்பேடு மொத்தச் சந்தையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பில் பொருளியல் எடுத்த வருடம், சந்தேகம் கேட்க என்னிடம் வந்தாள். கல்லூரியில் படித்து மறந்ததைத் தூசி தட்ட எனக்கும் ஒரு சாக்கு. தேவை விதி பாடத்தின் முதல் பக்கத்திலேயே மடக்கிவிட்டாள். "விலை ஏறினா தேவை குறையும்னு போட்டிருக்கு அங்கிள். முகூர்த்தத்துல மல்லி விலை ஏறத்தானே செய்யுது? அன்னிக்குத்தானே எல்லாரும் வாங்குறாங்க?"

நல்ல கேள்வி. விலை ஏறியதால் அவர்கள் வாங்கவில்லை, அவர்கள் வாங்க வந்ததால் விலை ஏறியது. புத்தகம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: தேவைக் கோட்டின்மேல் நகர்வது ஒன்று, கோடே இடம்பெயர்வது இன்னொன்று. மல்லியின் விலை மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் நாம் கோட்டின்மேல் மேலும் கீழும் போகிறோம். ஊரில் இருபது கல்யாணம் என்றால் கோடு அப்படியே தூக்கி வலப்பக்கம் வைக்கப்படுகிறது. அவளுக்குப் புரியாததால் பஸ்ஸைச் சொன்னேன். கண்டக்டர் "முன்னால போ, முன்னால போ" என்று தள்ளுவது ஒரு நகர்வு. பஸ்ஸே ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குப் போவது வேறு நகர்வு. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டிலும் நீ நகர்ந்ததாகத்தான் தெரியும். சிரித்தாள். பரீட்சையில் பஸ்ஸை எழுதாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த பாடம் நெகிழ்ச்சி. விலை நூற்றுக்கு ஒன்று மாறினால், வாங்கும் அளவு நூற்றுக்கு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. அளவு அதிகம் மாறினால் நெகிழ்ச்சியுள்ள தேவை. அவ்வளவாக அசையாமல் நின்றால் நெகிழ்ச்சியற்ற தேவை. பாடநூலுக்குக் கலைச்சொல் தேடியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் அந்தச் சொல் ரப்பரை நினைவூட்டும். நம் சொல்லில் மனம் இளகுவது இருக்கிறது, பழைய அகப்பாடல்களில் தலைவனுக்காகக் காத்திருந்து மெலிந்தவளின் கையிலிருந்து வளை கழல்வதும் இருக்கிறது. காத்திருப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவைத்தது தண்ணீர்.

நெகிழ்ச்சியைக் கண்டுபிடித்த கதையில் ஒரு மொட்டைமாடி வருகிறது. ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் உடம்பு சரியில்லாமல் ஓய்வுக்காக 1881-82 குளிர்காலத்தை இத்தாலியின் பலெர்மோ நகரில் கழித்தார். தங்கியிருந்த விடுதியின் மாடியில், குளியல் தொட்டியின் மூடியை வெயிலுக்குப் பந்தலாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார். ஒருநாள் அங்கிருந்து சந்தோஷமாக இறங்கி வந்து, தேவையின் நெகிழ்ச்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மனைவியிடம் சொன்னாராம். மனைவி மேரி பேலியும் பொருளியல் அறிஞர்தான். அவர் நினைவிலிருந்துதான் இந்தக் கதை நமக்கு வந்தது. கோட்பாடு 1890இல் வந்த மார்ஷலின் பெரிய புத்தகத்தில் இடம்பெற்று, அங்கிருந்து உலகத்துப் பாடநூல்களுக்கெல்லாம் போனது. எனக்கென்னவோ அந்தக் குளியல் தொட்டி மூடி விடமாட்டேன் என்கிறது. 2019 கோடையில் எங்கள் மாடியிலும் நாங்கள் சின்டெக்ஸ் தொட்டியின் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் சேர்ந்து 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல் பிடிக்கும். அந்த ஜூனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூந்தமல்லிக்கு அடுத்திருக்கும் செம்பரம்பாக்கம் மட்டுமே 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி. 2015 டிசம்பர் முதல் தேதி அதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை முழுகியது. நான்கு வருடம் கழித்து அதே ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வரத்தைக் காட்டும் அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்வதைப் புத்தகத்தில் ஓர் அம்புக்குறியால் காட்டுவார்கள். எங்களுக்கு அது காற்றை மட்டும் இழுத்து உறுமும் மோட்டாரின் சத்தம்.

தனியார் லாரித் தண்ணீரின் விலை எங்கள் பக்கம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பணம் கட்டினாலும் லாரி இன்று வராது, நாளை மறுநாள், நடு ராத்திரி. அப்போதுதான் எங்கள் வீட்டில் ஒரு தேவைக் கோடு வரையப்பட்டது. யாரும் பென்சில் எடுக்கவில்லை. முதலில் வண்டி கழுவுவது நின்றது. பிறகு வாசல் தெளிப்பது. உலர்ந்த தரையிலேயே என் மனைவி கோலம் போட்டாள், காற்று அதைப் பத்து மணிக்குக் கலைத்தது. பிறகு துணி வாரம் ஒருமுறை ஆனது, குளியல் அரை வாளி ஆனது, அரிசி கழுவிய தண்ணீர் துளசிக்குப் போனது. சமையலுக்கான தண்ணீரில் கைவைக்க முடியவில்லை. இருபது லிட்டர் கேன் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏறிய விலையைக் கேட்டுவிட்டு, முன்பு வாங்கிய அதே எண்ணிக்கையைச் சொன்னோம்.

ஒரே வீடு, ஒரே தண்ணீர், அதற்குள் இத்தனை நெகிழ்ச்சிகள். எது முதலில் விட்டுக்கொடுத்தது என்று யோசித்தால், தள்ளிப்போட முடிந்ததெல்லாம் விட்டுக்கொடுத்தது. வண்டி மழை வரும்வரை காத்திருக்கும். துணி ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கும். தொண்டை காத்திருக்காது. மாற்றுப் பொருள், வருமானம், ஆடம்பரமா அவசியமா, காலம் என்று நெகிழ்ச்சிக்குப் பாடநூல் வரிசையாகக் காரணங்கள் அடுக்கும். அந்தக் கோடையில் எனக்கு அவை எல்லாம் ஒரே கேள்வியின் வெவ்வேறு வேஷங்களாகத் தெரிந்தன: உன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்?

அடுத்த தெருவின் பழைய குடித்தன வீடுகளில் கேள்வி வேறு விதமாக வந்தது. அங்கே லாரியைத் தனியாக வரவழைக்க முடியாது. தொட்டி கிடையாது. குடிநீர் வாரிய லாரிக்குப் பிளாஸ்டிக் குடங்களை வரிசை போட்டுவிட்டு, பெண்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பணமாகக் கொடுத்ததை அவர்கள் பொழுதாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் அந்தக் குடத்துத் தண்ணீர் எங்கள் கேனைவிட மலிவு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

விலை ஏறினால் அளிப்பு கூடும் என்கிறது புத்தகம். கூடத்தான் செய்தது. எங்களுக்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களின் வயல் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவெல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தன. புதிதில்லை. 2000களின் தொடக்கத்து வறட்சியில் குடிநீர் வாரியமே அந்தப் பக்கத்து விவசாயிகளின் கிணறுகளிலிருந்து காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியது. நெல்லுக்குப் பாய்ச்சுவதைவிடக் குழாய்க்கு விடுவது லாபம் என்றால் யார்தான் நெல் நடுவார்? குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்தேன். ஆனால் மேல்நோக்கிப் போகும் அந்த அளிப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு கிணறு இருக்கிறது. கோடு ஒவ்வொரு அங்குலம் ஏறும்போதும் கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது. பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் விற்காவிட்டாலும் அவர் கிணறும் சேர்ந்து இறங்குகிறது. படத்தில் அதற்கு இடமில்லை.

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன், சுமார் 25 லட்சம் லிட்டர், இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், கொரட்டூர் எல்லாவற்றையும் தாண்டி வில்லிவாக்கத்தில் நின்று, அங்கிருந்து குழாய் வழியே கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீரை இறக்கியது. எங்கள் வாசல் வழியாகத்தான் போனது, எங்களுக்கில்லை. தண்டவாளத்தோரம் நின்று பார்த்த ஒரு பெரியவர் ரயிலைப் பார்த்துக் கும்பிட்டார். நக்கலா பக்தியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. திட்டம் முழு வீச்சில் நடந்தாலே நாளுக்கு ஒரு கோடி லிட்டர். வாரியம் அப்போது சுருக்கிச் சுருக்கிக் கொடுத்துவந்ததோ நாளுக்கு 52 கோடி லிட்டருக்குமேல். கணக்குப்படி ரயில் ஒரு கைப்பிடி. காத்திருக்க முடியாத ஊர் கைப்பிடிக்கு என்ன விலை கொடுக்கும் என்பதற்கு மட்டும் அது கணக்கு.

அடுத்த வருடம் சந்தையே எங்கள் பக்கம் வந்துவிட்டது.

கோலார், மதனப்பள்ளி, பலமனேரித் தக்காளி லாரிகள் பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர், திருமழிசை, பூந்தமல்லி தாண்டி நடுச்சாமத்தில் கோயம்பேட்டுக்குப் போகும். விடிந்ததும் அதே பழம் சின்ன யானை வண்டியில் ஏறி அதே சாலையில் எங்களுக்குத் திரும்பி வரும். எங்கள் தக்காளி எங்களைக் கடந்து போய், ரேட்டு வாங்கிக்கொண்டு திரும்பும். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குச் சந்தை மாறியதிலிருந்து இதுதான் வழக்கம். 2020 மே 5ஆம் தேதி கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டது. மே 11 முதல் திருமழிசையில், துணைநகரத்துக்காக ஒதுக்கியிருந்த வெட்டவெளியில் தகரக் கொட்டகை போட்டுத் தற்காலிகக் காய்கறிச் சந்தை. ஆழ்வார் பிறந்த ஊரில் கத்திரிக்காய் மூட்டை இறங்கியது.

பக்கத்திலேயே சந்தை, ஏற்றுகூலியும் வண்டிச் சத்தமும் மிச்சம், ஆகவே எங்களுக்கு விலை குறையும் என்று நான் கணக்குப் போட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவள் பாடநூலைத் திறந்து, "ரெண்டு கோடும் லெஃப்ட்ல போனா விலை என்னாகும்னு சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கு அங்கிள்" என்றாள். உண்மை. ஊரடங்கில் லாரியும் ஆளும் குறைந்து அளிப்புக் கோடு நகர்ந்தது. ஹோட்டல், மெஸ், கல்யாண மண்டபம் எல்லாம் மூடிக் கிடந்ததால் தேவைக் கோடும் நகர்ந்தது. இரண்டும் இடப்பக்கம் போனால், விற்கும் அளவு குறையும் என்பது மட்டும்தான் நிச்சயம். விலை எந்தக் கோடு அதிக தூரம் ஓடியது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் ஏறியது, ஒரு வாரம் விழுந்தது. மழை பெய்து களம் சேறானது. வாங்க ஆள் வராத காய் அந்தச் சேற்றிலேயே அழுகியது. எங்கள் அக்கா அந்த மாதங்களில் தினமும் விடியற்காலையில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் திண்டாடி, பாதி நாள் போகவே இல்லை. "பக்கத்துல வந்துருச்சு சார், போறதுக்குத்தான் வழி இல்ல." செப்டம்பர் 28 அன்று காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது. லாரிகள் மறுபடி எங்களைக் கடந்து போகத் தொடங்கின.

தண்ணீரில் காத்திருக்க முடியாதவர்கள் நாங்கள். தக்காளியில் காத்திருக்க முடியாதது தக்காளி. மார்ஷல் மீன் சந்தையைச் சொல்லியிருப்பார்: ஒரு நாள் கணக்கில், படகில் வந்து இறங்கிய மீன்தான் அளிப்பு, விலை என்னவானாலும் அன்றைக்கு அது கூடாது. வருடக் கணக்கில் புதுப் படகு வரும், வலை வரும். தக்காளிச் செடிக்கு நாற்று விட்டுக் காய் பறிக்க மூன்று மாதமாவது ஆகும். அந்த மூன்று மாதத்துக்குள் விலை என்ன கூத்தாடினாலும் வயலுக்குக் காது கேட்காது.

2023 ஜூலையில் கேட்கவில்லை. மாத முடிவில் சென்னையில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. வரத்து பாதியாகக் குறைந்தால் விலை இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1699இல் சார்லஸ் டேவனன்ட் என்ற ஆங்கிலேயர் கோதுமைக்கு எழுதிவைத்த கணக்கைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்: விளைச்சலில் பத்தில் ஒன்று குறைந்தால் விலை பத்தில் மூன்று ஏறும், பாதி குறைந்தால் விலை ஐந்து மடங்கைத் தாண்டும். அது ரொட்டி தின்னும் ஊரின் கணக்கு. தக்காளிக்கு நம்மிடம் புளி இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மாதம் ரசத்தில் தக்காளி இல்லை, அம்மா காலத்து வத்தக்குழம்பு வாரம் மூன்று நாள் வந்தது. அக்காவின் கூறில் பழம் மூன்றிலிருந்து இரண்டாகி, பிறகு கூறு கட்டுவதையே விட்டுவிட்டார்.

ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது அரசு. வெளி விலையில் ஏறக்குறையப் பாதி. நல்ல காரியம். ஆனால் வெளியே நூற்றுக்கு மேல் போகும் பொருளை 60க்குக் கொடுத்தால் மிச்ச விலை எங்கேயும் போய்விடாது, கடை வாசலில் வரிசையாக நிற்கும். 60 ரூபாயும் ஒரு மணி நேரமும் சேர்ந்தது ஒரு கிலோ. நேரம் இருப்பவருக்கு மலிவு, நேரத்தைக் கூலிக்கு விற்றவருக்கு அவ்வளவு மலிவில்லை. 2019இன் குடங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதன்பிறகு நடந்தது இன்னும் பழைய கதை. விலை ஏறத் தொடங்கியதுமே நாற்று விட்டவர்களின் காய் செப்டம்பரில் ஒன்றாக வந்து இறங்கியது. விலை பாதாளத்துக்குப் போனது. பறிகூலிக்கும் கட்டவில்லை என்று ஆந்திரத்தில் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். சிலந்தி வலைபோலச் சுற்றிச் சுற்றி வரும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருளியலில் பெயரே சிலந்திவலைதான். குளிர்கிடங்கில் வைக்க முடிந்தவர்களை அந்த வலை பிடிப்பதில்லை. அன்றே விற்றாக வேண்டியவரைத்தான் பிடிக்கிறது. எங்கள் அக்காவின் சாக்கில் கூறு மறுபடி குவிந்து, மேல் பழம் உருண்டு ஓடியது. எனக்குக் கொத்தமல்லி வந்தது.

அன்றே விற்றாக வேண்டிய இன்னொரு சரக்கும் எங்கள் பக்கத்தில் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு ஓரிடத்தில் கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வண்டியை நிறுத்தி விரலால் எண்ணுவார். ஏழரைக்குக் கேட்கும் கூலி ஒன்று, எட்டேகாலுக்கு ஒத்துக்கொள்ளும் கூலி வேறு. ஒன்பதுக்கு மேல் அந்த நாளே விற்காது. உழைப்பு கெட்டுப்போகும் சரக்கு, அதை விற்பவருக்குக் கைக்காசு இல்லாததால் நிறுத்திவைக்க முடியாது என்று பலெர்மோ மாடியில் உட்கார்ந்திருந்த அதே மார்ஷல் பின்னால் எழுதினார். நெகிழ்ச்சிக்குப் பிறகு அவர் எழுதியதிலேயே முக்கியமானது அதுதான் என்பது என் எண்ணம். பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு நான் அதைச் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராது.

எனக்குத் தெரிந்த ஒரு சித்தாள் மாலை ஆறரைக்கு ரயிலிலிருந்து இறங்கி அக்காவிடம் வருவார். வீட்டில் பிள்ளைகள் ஏழு மணிக்குச் சாப்பாடு கேட்கும். கூறு இருபது, எடுத்துக்கொண்டு போய்விடுவார், கொசுறு கேட்டு நான் பார்த்ததில்லை. நான் எட்டரைக்குப் போவேன். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, நேற்றைய குழம்பு இருக்கிறது, அவசரமில்லை. அக்காவுக்கு எட்டே முக்காலுக்குக் கடைசி ஷேர் ஆட்டோ. மிச்சமான இரண்டு கூறையும் சேர்த்து ஒரே கூறாக என் பையில் கொட்டி, "இருபதே குடு சார்" என்பார்.

நேற்றும் அப்படித்தான். கொத்தமல்லி தீர்ந்துவிட்டது, கறிவேப்பிலை இருந்தது.